முன்மேசையில் உட்காரப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

எஸ்தோனியாவின் பேர்னு நகரில் குடும்ப மருத்துவர் மையத்து முன்மேசை வேலை உனக்கு உறுதியானதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசி வரியில் கேட்டிருந்தாய் பார், "பட்டியலில் பெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை, வாயிலும் நுழையவில்லை" என்று. அதற்குப் போனில் பதில் சொல்லி மாளாது. அதனால்தான் இந்தக் கடிதம். ஆண்களின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன் மேசைக்கு அதிகம் வரப்போவது வயதான பெண்கள்தான்.

முதலில் ஆணா பெண்ணா என்பது. எஸ்தோனிய மொழி இதில் உனக்கு உதவாது. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பெயரின் கடைசி எழுத்தை வைத்து ஊகிக்கவும் முடியாது. மல்லெ பெண், கல்லெ ஆண். அய்னொ பெண், ஹெய்னொ ஆண். மரி பெண், மத்தி ஆண். தீயு பெண், தீத் ஆண். பிரெத் பெண், ப்ரீத் ஆண். வெளிநாட்டில் ஆண்களுக்கு வைக்கும் 'கை' இங்கே பாட்டிமாரின் பெயர். அதனால் ஊகிக்காமல் அடையாள எண்ணைப் பார். பதினோரு இலக்கத்தில் முதல் இலக்கம் 4 என்றால் 1900களில் பிறந்த பெண், 6 என்றால் 2000க்குப் பிறகு பிறந்த பெண். 3, 5 என்றால் ஆண். அடுத்த ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தாலும் இதை வைத்தே பிரித்துவிடலாம்.

உச்சரிப்பில் நம்மைக் கெடுப்பது ஆங்கிலப் பழக்கம். ஆங்கில ஜே எழுத்தைக் கண்டால் 'ய' என்று படி. முன்னாள் பிரதமர், இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பில் இருப்பவர், 'காஜா' இல்லை, கயா கல்லஸ். அதேபோல் மார்யா, சிர்யெ, ஹில்யா, யூத்தா. ஆங்கில 'ஈ' எழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் 'ஈ' என்ற ஒலி ஆகாது, நீண்ட 'ஏ' ஒலிதான்: ரேத், லேலொ. ஆங்கிலத்தில் 'ஈவ்' என்று படிக்கும் எழுத்துகள் இங்கே எவெ. ஆங்கிலத்தில் வயதைக் குறிக்கும் 'ஏஜ்' இருக்கிறதே, அதே எழுத்துகளில் ஒரு பெண் பெயர் உண்டு. அகெ என்று படிக்க வேண்டும். பெயர் இருக்கும் கட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு வயதை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே.

'டி' எழுத்துக்கு நாக்கை மேலே மடக்காதே, நம் 'த்' போதும். டீனா இல்லை, தீனா. எழுத்து இரட்டித்தால் அழுத்திச் சொல்ல வேண்டும். அன்னெ, மல்லெ, பில்லெ எல்லாம் நமக்குத் தானாக வரும், ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள்தான் திணறுவார்கள். அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில். கிறிஸ்தீனா, கதரீனா, எலீசெ போன்று நடுவில் நெடில் வரும் பெயர்களில் மட்டும் அந்த நெடில்மேல் விழும்.

இனி அந்தப் புள்ளி வைத்த எழுத்துகள். ஆங்கில 'ஏ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் நாம் 'பேங்க்' என்று சொல்லும்போது வருகிற அந்த ஒலி: கேர்த், கேத்லின். நீ இருக்கும் பேர்னுவிலும் அதுதான். 'யூ' தலையில் இரண்டு புள்ளி என்றால் நாக்கை 'இ' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டை 'உ'வுக்குக் குவி. உல்லெ என்ற பெயரை அப்படித்தான் சொல்ல வேண்டும். உதட்டைக் குவிக்க மறந்தால் 'இல்லே' என்று விழும். 'ஓ' தலையில் அலைக்கோடு இருப்பதுதான் எல்லாருக்கும் பயம். நமக்குப் பயம் வேண்டாம். 'அது', 'காசு' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, அந்தக் குற்றியலுகரத்தை எடுத்துக் கொஞ்சம் வாயைத் திறந்து சொன்னால் கிட்டத்தட்ட அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒயெ, ஒன்னெ, க்ரோத் என்ற பெயர்களில் 'ஒ', 'ஓ' என்று நான் எழுதுவது அந்த ஒலிதான். தமிழில் எழுத வேறு வழியில்லை. சாரெமா தீவுக்காரர்கள் இந்த ஒலியையே உதட்டைக் குவித்து வேறு மாதிரி சொல்வார்கள். அவர்களைக் கேட்டுக் குழம்பாதே.

மின்னஞ்சல் முகவரியில் இந்தப் புள்ளிகளை விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து ஆவணத்திலும் விட்டுவிட்டால் அது வேறு பெயர், கணினி ஆளைக் காட்டாது. அகர வரிசையிலும் இந்தப் புள்ளி எழுத்துகள் 'வி'க்கும் பின்னால்தான் வரும். உல்லெயை 'யூ'வில் தேடாதே, பட்டியலின் அடியில் தேடு. இசட்டோ 'எஸ்'ஸுக்கும் 'டி'க்கும் நடுவில் இருக்கும். சினயிதா, சோயா என்று ரஷ்யப் பாட்டிகள் வரும்போது கடைசிப் பக்கம் வரை உருட்டிவிட்டு ஆளே இல்லை என்று சொல்லிவிடாதே.

அடுத்தது வேற்றுமை. மற்ற வெளிநாட்டவர்கள் விழும் குழி இது. பதினான்கு வேற்றுமை, பெயரும் அதில் மாறும். நாம் 'மரம்' என்ற சொல்லில் உருபு சேர்க்கும்போது 'மரத்து' என்று ஆக்குகிறோம் இல்லையா, அதே வேலைதான். ரேத் என்பவருக்குக் கடிதம் என்றால் ரேத-லெ. த்ரீனுக்கு என்றால் த்ரீனு-லெ. லீஸோடு என்றால் லீஸி-க. கத்ரி மட்டும் நல்ல பெண், அப்படியே இருப்பாள், கத்ரி-லெ. இதில் தொல்லை என்னவென்றால், மருத்துவர் குறிப்பில் 'மல்லெ' என்று பார்த்தால் அவர் பெயர் மல்லெவாகவும் இருக்கலாம், 'மல்' என்பதன் உருபேற்ற வடிவமாகவும் இருக்கலாம். 'லீஸி' என்று இருந்தால் லீஸா லீஸியா என்று தெரியாது. குறிப்பிலிருந்து பெயரை அள்ளி அட்டையில் ஒட்டாதே. அடையாள அட்டையில் இருப்பதுதான் மூல வடிவம். நீ எழுதும்போது ஒரு சுலபமான வழி இருக்கிறது. முழுப்பெயராக எழுதினால் முன்பெயர் மாறாது, குடும்பப்பெயர் மட்டும் உருபேற்கும். கூப்பிடும்போது எந்த மாற்றமும் வேண்டாம், மூலப் பெயரே விளி.

இணைப்புக்கோட்டையும் கவனி. மரி-லீஸ் என்று கோடு போட்டது, மரிலீஸ் என்று சேர்த்தது, மரி லீஸ் என்று இடைவெளி விட்டது, மூன்றும் வெவ்வேறு பெயர்கள். 2005-இல் அமலுக்கு வந்த பெயர்ச் சட்டம் தனித்தனியாக எழுதினால் மூன்று முன்பெயர் வரை, கோடு போட்டால் இரண்டு என்று வைத்தது. கோடு இருக்கும் பெயரைப் பாதியாக வெட்டி 'மரி' என்று கூப்பிட்டால் அறையில் வேறு நாலு மரி திரும்பிப் பார்ப்பார்கள்.

நாலு மரி என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. இங்குள்ள பழைய பெயர்கள் பலவும் சில புனிதப் பெண்களின் பெயரிலிருந்து கிளைத்தவை. தேவாலயப் புத்தகத்தில் ஜெர்மன், லத்தீன் வடிவம் இருக்கும், கிராமத்தார் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வெட்டிக்கொண்டார்கள். கதரீனாவிலிருந்து கத்ரி, கத்ரின், கத்தி, காரின், த்ரீன், த்ரீனு. மார்கரேத்தாவிலிருந்து ரேத், மரெத், மரெ, க்ரோத், க்ரேத். ரேத்தும் க்ரோத்தும் ஒரே பெயர் என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்று வாலை வைத்துக்கொண்டது, இன்னொன்று மார்கரேத்தாவின் நடுவிலிருந்து தொடங்கியது. எலிசபெத் லீஸ், லீஸு, எல்ஸ், பெத்தி என்று பிரிந்தாள். மரியாவிலிருந்து மரி, மார்யா, மை, மையெ. மக்தலேனாவிலிருந்து மத்லி, மல், லேனா. கெர்த்ருத் கேர்த்தாகவும் கெர்த்துவாகவும் ஆனாள். பிர்கித்தா பிரெத் ஆனாள். தல்லினுக்குப் பக்கத்தில் பிரித்தா என்று கடற்கரை இருக்கிறதே, அதுவும் அவள் பெயர்தான். 1436-இல் அர்ப்பணிக்கப்பட்டு 1577-இல் போரில் அழிந்த பிர்கித்தா மடத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் பெயர் அச்சிட்டிருக்கும். பெயர்நாளை இளையவர்கள் பொருட்படுத்துவதில்லை. பாட்டிகளுக்கு நினைவிருக்கும். உனக்கு இரண்டு தேதி போதும். ஒன்று நவம்பர் 25, கத்ரி நாள். வெள்ளை உடுத்தி வேஷம் கட்டிய கூட்டம் வீடுவீடாகப் போய்ப் பாடி, ஆடுகள் பெருக வாழ்த்திப் பண்டம் வாங்கிக்கொள்ளும். ஆண்களும் பெண் வேஷத்தில் வருவார்கள். அந்த நாளில் ஆட்டு மயிர் கத்தரிக்கவோ நூல் நூற்கவோ கூடாது என்பது பழைய கட்டு. இன்னொன்று மார்ச் 25, மரியாவின் நாள். பெண்கள் கன்னம் ஆண்டு முழுவதும் சிவப்பாக, உடம்பு தெம்பாக இருக்க வேண்டும் என்று சிவப்பு மது குடிக்கும் நாள். அன்று வீட்டு வேலை ஆண்களுக்கு. மற்ற நாட்டுப் பெண்களுக்கும் இந்த நாளைச் சிபாரிசு செய்யலாம். அன்றைக்கு வரும் கத்ரிக்கும் மரிக்கும் "பல்யு ஒன்னெ", அதாவது வாழ்த்துகள், என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெயரைக் கண்டால் வயதை ஓரளவு ஊகிக்கலாம். எண்பது தொண்ணூறு வயதில் லிந்தா, சல்மெ, அய்னொ, வைக்கெ, லய்னெ, ஹெல்யு, ஒயெ. நாடு புதிதாகச் சுதந்திரம் பெற்றிருந்த காலத்தில் சொந்த மொழிச் சொற்களையே பெயராக்கும் ஆர்வம் இருந்தது. லய்னெ என்றால் அலை, விர்வெ என்றால் சிற்றலை, லெஹ்தெ இலை, ஒயெ பூ. எழுபதை ஒட்டியவர்கள் தீயு, சிர்யெ, உல்லெ, உர்வெ, மல்லெ, எனெ, அன்னெ. ஐம்பதில் பிரெத், மெரிகெ, கத்ரின், கெர்ஸ்தி. முப்பதுகளில் கிறிஸ்தி, லீஸ், மார்யா, கேத்லின். மழலைகள் மியா, சொஃபியா, எம்மா என்று உலகப் பெயர்களோடு வருவார்கள். அவர்கள் நடுவே ஒரு ஹெல்மியோ மர்த்தாவோ இருந்தால் கொள்ளுப்பாட்டி பெயர் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள். இது ஊகத்துக்குத்தான், அட்டையில் எழுத அல்ல. சந்தேகம் வந்தால் அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் பெயரை இட்டுப் பார், எந்த வயதினரிடம் அது அதிகம் என்று காட்டும்.

லிந்தாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வேறு நாடுகளிலும் லிண்டா உண்டு, ஆனால் இங்கே அது பறவை என்ற சொல்லோடு சேர்ந்தது. கிரோய்ட்ஸ்வால்ட் தொகுத்து 1857 முதல் 1861 வரை வெளிவந்த தேசியக் காவியம் கலெவிபொயெகில், கைம்பெண் ஒருத்தி கண்டெடுத்த கோழியிலிருந்து சல்மெ பிறக்கிறாள், காட்டுக்கோழி முட்டையிலிருந்து லிந்தா. சல்மெ விண்மீனை மணக்கிறாள், லிந்தா கலெவை. கலெவ் இறந்ததும் லிந்தா அவன் கல்லறைமேல் கல் சுமந்து குவித்ததுதான் தல்லினின் தோம்பெயா குன்றாம். அவள் அழுத கண்ணீர் உலெமிஸ்தெ ஏரியாம். லில்லி சுபுர்க் 1887-இல் வில்யந்தியிலிருந்து தொடங்கிய முதல் பெண்கள் பத்திரிகைக்கும் இதே பெயர்தான். அந்தக் குன்றோரம் வெய்ஸன்பெர்க் வடித்த லிந்தா சிலை 1920 முதல் இருக்கிறது. சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்காகச் சோவியத் காலத்தில் வெளிப்படையாக அழ இடமில்லாத பெண்கள் அங்கே மறைவாகப் பூ வைத்தார்கள். உன் மேசைக்கு வரும் தொண்ணூறு வயது லிந்தாவுக்கு அந்தக் காலம் நேரில் தெரியும்.

உன் ஊரில் பூங்காவில் இருக்கும் சிலை கவிஞர் லிதியா கொய்துலா. 1843-இல் பிறந்தவர், பிறப்புப் பெயர் லிதியா யன்ஸென். 'விடியலைச் சேர்ந்தவள்' என்ற பொருள்பட கொய்துலா என்று எழுத்தாளர் யாகொப்ஸொன் வைத்த புனைபெயரே நிலைத்தது. யூரோ வருமுன் நூறு க்ரோன் நோட்டில் இருந்த முகம் அது. நோயாளிகளைப் பேசவைக்க ஏதாவது வேண்டுமென்றால் விளையாட்டும் உதவும். எரிக்கா சலுமேயெ 1992 பார்சிலோனாவில் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்றபோது எஸ்தோனியக் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்டார்கள். ஐம்பது தாண்டிய யாரிடமும் இதைச் சொன்னால் சிரிப்பு உத்தரவாதம்.

ரஷ்யப் பெயர்களை ஒதுக்காதே. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வீட்டுமொழி ரஷ்யன். எஸ்தோனியர்கள் ஆயிரம் பெயர்களில் பிரிந்திருக்க, அவர்கள் சில பெயர்களையே திரும்பத் திரும்ப வைப்பதால் நாட்டின் மொத்தப் பட்டியலில் ஒல்கா, இரினா, யெலேனா மேலே நிற்கிறார்கள். ஒரே நாளில் மூன்று இரினா வந்தால் பிறந்த தேதியைக் கேட்காமல் மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிடாதே. அவர்களிடையே தகப்பன் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை. எஸ்தோனிய ஆவணத்தில் அதற்கு இடம் இல்லை. குடும்பப்பெயர் பெண்களுக்கு 'ஒவா', 'இனா' என்று முடியும், கணவருடையது அப்படி முடியாது. எழுத்து வேறுபடுகிறதே என்று திருத்தாதே. எஸ்தோனியக் குடும்பப்பெயர்களில் ஆண்பால் பெண்பால் இல்லை.

கிஹ்னு தீவிலிருந்தும் ஆட்கள் பேர்னுவுக்கு வருவார்கள். தீவில் ஒரே குடும்பப்பெயர் பல வீடுகளில் இருப்பதால் வீட்டுப் பெயரைச் சேர்த்தே ஆளைச் சொல்வார்கள். பாடகி விர்வெ கோஸ்தெர் அங்கே யேர்சுமேயெ விர்வெ. கூட வந்தவர் அப்படி ஒரு பெயர் சொல்லி, அது கணினியில் கிடைக்காவிட்டால், அட்டையைக் கேட்டு வாங்கு.

கூப்பிடும் முறை: முழுப்பெயர் போதும், இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. வயதானவர்களிடம் 'ப்ரோவ' (நம் 'திருமதி') போட்டுக் குடும்பப்பெயர் சொல்லலாம். 'நீ' வேண்டாம், 'நீங்கள்'தான்.

உன் பெயர்ப்பட்டையில் முன்பெயர் மட்டும் போடச் சொல். குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருப்பதால் அதைப் போட்டால் எல்லாரும் உன்னை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் போடும் இசட்-எச் இங்கே யாருக்கும் புரியாது. கேட்டால் ஒரு முறை மெதுவாகச் சொல்லிக் காட்டு, இரண்டாவது முறை அவர்களே சரியாகச் சொல்வார்கள்.

அன்புடன்,
அம்மா