முக்கொம்பும் மேலூரும்: நண்பருக்கு ஒரு கடிதம்

திருவானைக்காவல்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, தொலைவில் வரும் பேருந்தின் எண்ணை இப்போது கண்ணாடியின்றிப் படிக்க முடிகிறது என்று எழுதியிருந்ததைக் கண்டு வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். அரையாண்டு விடுமுறையில் பேத்தியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வரப்போவதாகவும், ஆற்றங்கரைப் பூங்காக்களில் எதைக் காட்டலாம், எதை விட்டுவிடலாம் என்று நான் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒரு அஞ்சலட்டையில் பதில் எழுதி முடித்திருப்பேன். ஆனால், ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் புல்வெளியைவிடப் புதரே அதிகம் என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறாய். பணி ஓய்வு பெற்ற பொறியாளனின் கண் அப்படித்தான் பார்க்கும். பணி ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியன் அதற்கு மறுமொழி சொல்லாமல் இருக்க முடியாது.

முக்கொம்பிலிருந்து தொடங்குகிறேன். திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லிக் கேட்டவைதான். நீ வேலையில் சேர்ந்த புதிதில் மேலணைப் பாலத்தின்மேல் நின்றுகொண்டு, கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருந்ததால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, தஞ்சைக்குப் போகும் காவிரி மணல் மேடிட்டுத் தூர்ந்துகொண்டிருந்ததையும், அதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியதையும் விளக்கினாய். 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்தப் பழைய அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட செய்தி வந்தபோது, உறவினர் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனதைப் போல நீ தொலைபேசியில் பேசினாய். இப்போது அதற்குச் சற்றுக் கீழே புதிய கதவணை நிற்கிறது. பிள்ளைகளுக்கு நீ இவற்றையெல்லாம் சொல்லத்தான் போகிறாய், சொல்ல வேண்டியதும்கூட. ஆனால் அதை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள். விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தை எனக்குக் கொடு.

மார்கழியில் பெரும்பாலும் மேட்டூர்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கதவணையைத் தாண்டி விழும் நீரில் நிலைகுலையும் மீன்களுக்காக வெண்கொக்குகளும் நீர்க்காகங்களும் மதகுச் சுவர்களில் இடம் பிடித்துக் காத்திருக்கும். பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டிய பறவை கருப்புவெள்ளை மீன்கொத்தி. மற்ற மீன்கொத்திகள் கிளையிலோ கம்பியிலோ உட்கார்ந்து பார்ப்பதே வழக்கம். இது நீருக்கு மேலே வெறும் காற்றில் நின்றுகொண்டு, இறக்கைகள் படபடக்க, தலையை மட்டும் அசைக்காமல் கீழே பார்க்கும். பிறகு செங்குத்தாக விழும். அது கரைக்கு வந்து உட்காரும்போது மார்பைக் கவனிக்கச் சொல். இரண்டு கறுப்புப் பட்டைகள் இருந்தால் ஆண்; ஒரே பட்டையாக, அதுவும் நடுவில் அறுந்திருந்தால் பெண். இந்த ஒன்றைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டால் போதும், பிறகு நாம் அவர்களைப் பார்க்கச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நம்மை இழுத்துக்கொண்டு போவார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாலாட்டிகளும் உள்ளான்களும் மணல் திட்டுகளில் நடமாடும். இரண்டுமே வாலை ஆட்டும். உள்ளானோ உடம்பின் பின்பாதி முழுவதையுமே மேலும் கீழும் ஆட்டும். அதைப் பார்த்துவிட்டு உன் பேரன் வீடு திரும்பும்வரை அப்படியே நடந்து காட்டினால் நான் பொறுப்பல்ல.

இங்கே உன்னிடம் ஒரு வழக்கு உண்டு. ஆற்றின் கரை அரிக்கிறது என்றால் உங்கள் துறையினர் முதலில் நினைப்பது கற்பதிப்பையும் கான்கிரீட்டையும்தான். ஊரைக் காக்க வேண்டிய இடத்தில் அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் கூடு கட்டுவது செங்குத்தான மண் கரையில் வளை தோண்டித்தான். பூங்காவுக்கு அழகு சேர்ப்பதற்காக மட்டும் கரையைக் கடைசி அடி வரை சிமெண்டால் மூடினால், பறவைக்குச் சாப்பாடு ஆற்றில் இருக்கும், குடியிருக்க வீடு இருக்காது. கோடையில் ஆறு வற்றும்போது ஆற்று ஆலாவும் ஆள்காட்டியும் திறந்த மணலில் சிறு குழி பறித்து அதிலேயே முட்டையிடுகின்றன. மணலின் நிறத்திலேயே இருக்கும் அந்த முட்டைகளின்மேல் டிராக்டர்கள் ஏறிப் போவதை ஓட்டுநர்கள் அறிவதுகூட இல்லை. ஆற்றங்கரைப் பூங்கா என்பது வேலிக்கு உள்ளே இருப்பது மட்டும் அன்று என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வேலிக்கு வெளியே உள்ள மணலும் நாணலும் இல்லாவிட்டால் உள்ளே நின்று பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

வெயில் ஏறியதும் கூட்டம் வரத் தொடங்கும். ஆடிப்பெருக்கிலும் காணும் பொங்கலிலும் வருவதுபோல் தலைகள் தெரியாவிட்டாலும், விடுமுறை நாளில் குறைவிராது. கூட்டத்தைக் கண்டு முகம் சுளிக்கும் இயற்கை ஆர்வலர்கள் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றுக்கு வருவது நம் மக்களுக்குப் பூங்கா என்ற ஒன்று தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே உள்ள பழக்கம். புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு நீர்மருது நிழலில் படுத்திருப்பவர்தான், தலைக்கு மேலே கிளையில் என்ன கத்துகிறது என்று நிமிர்ந்து பார்ப்பார். அங்கே சூடாக விற்கும் பொரித்த மீனைப் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடு. உனக்குக் கொழுப்பு அதிகம் என்று மருத்துவர் சொன்னதை உன் மனைவி என் மனைவியிடம் சொல்லிவிட்டார்கள் என்பதையும் நினைவில் வை. ஒன்றே ஒன்று: கதவணைக்குக் கீழே பிள்ளைகளை நீரில் இறங்க விடாதே. திறப்பைக் கூட்டினால் நீர் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். கொள்ளிடத்தில், குறிப்பாக அணைக்கரைப் பக்கத்தில், முதலைகள் உண்டு என்பதையும் சொல்லிவை. அச்சுறுத்துவதற்கு அல்ல, தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான்.

இனி மேலூருக்கும் உன் புதருக்கும் வருகிறேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில், சுமார் 25 ஏக்கரில் வனத்துறை அமைத்த அந்தப் பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. நூறுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. வலைக்கூடமும் பூச்சிகள் அருங்காட்சியகமும் நீரூற்றும் படகும் உண்டு. பிள்ளைகள் படகை நோக்கித்தான் முதலில் ஓடுவார்கள், ஓடட்டும்.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதும் என்றால் சாலை நடுவில் உள்ள பூச்செடிகளே போதுமே! தேன் பல வகைப் பூக்களிலும் கிடைக்கும். முட்டையிடுவதற்கு மட்டும் ஒவ்வொரு இனத்துக்கும் தனக்கென்று சில செடிகள் வேண்டும், ஏனென்றால் புழு வேறு இலையைத் தின்னாது. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் நாரத்தையும். ரோஜா அழகிக்குத் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளை. எருக்கையும் ஆடுதின்னாப்பாளையையும் எந்தத் தோட்டக்காரராவது காசு கொடுத்து வாங்கி நட்டிருக்கிறாரா? சுத்தம் செய்கிறேன் என்று மண்வெட்டி எடுப்பவர் முதலில் வெட்டுவது அவற்றைத்தான். ஆடுதின்னாப்பாளை போனால் ரோஜா அழகி மட்டும் போவதில்லை. அந்தச் செடியின் நஞ்சைப் புழுப் பருவத்திலேயே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் ரோஜா அழகியைப் பறவைகள் தொடுவதில்லை. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, அதே சிவப்பும் வெள்ளையுமான வேடத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கின்றன. அசல் இல்லாத ஊரில் போலிக்கு என்ன மதிப்பு இருக்கும்?

நாரத்தைச் செடியைக் கண்டால் பிள்ளைகளை நிறுத்தி, இளந்தளிர்களின் மேல்பக்கத்தைப் பார்க்கச் சொல். பறவை எச்சம் விழுந்ததுபோல் கறுப்பும் வெள்ளையுமாக ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது எச்சமாக இல்லாமலும் இருக்கலாம். எலுமிச்சை அழகியின் இளம் புழு அந்த உருவத்தில்தான் பறவைகளை ஏமாற்றுகிறது. வளர்ந்து பெரிதானதும் இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அந்தப் பெரிய புழுவை ஒரு புல்நுனியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பாம்பின் பிளவு நாக்கைப் போன்ற ஒன்றைச் சட்டென்று நீட்டும். கூடவே நெடியும் எழும். சில நொடிகளில் அதை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றுமே நடவாததுபோல் இலையைத் தின்னத் தொடங்கிவிடும். ஒரு முறை மட்டும் தொடச் சொல். அடிக்கடி தொந்தரவு செய்தால் அதற்கு நல்லதில்லை.

ஆற்றங்கரையில் இப்படி ஒரு பூங்கா இருப்பதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. ஈர மணலிலும் சேற்றிலும் வெளிர்மஞ்சளும் வெள்ளையுமான வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து, உறிஞ்சு குழாயை மண்ணில் ஊன்றி நெடுநேரம் அசையாமல் இருப்பதை நீ பார்த்திருப்பாய். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள். பூந்தேனில் போதிய அளவு கிடைக்காத உப்புகளை அந்த ஈரத்திலிருந்து உறிஞ்சிச் சேர்த்து, இணையும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அது முட்டைகளுக்குப் போய்ச் சேர்கிறது. நடைபாதையெல்லாம் ஓடு பதித்து, நீர் தேங்கும் பள்ளங்களையெல்லாம் நிரப்பிவிட்டால் இந்தக் காட்சியே இல்லை. வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், ஆற்றோரப் பூங்கா ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். யாரோ பெரியவர் பார்வையிட வருகிறார் என்று அதற்கு முந்தைய வாரம் செடி கொடிகளையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுக் கொரியப் புல் பதித்திருந்தார்கள். மிகவும் சுத்தமாக இருந்தது. பிள்ளைகள் பார்ப்பதற்கு ஒரு வெட்டுக்கிளிகூட அகப்படவில்லை. மேலூரில் நீ கண்ட புதரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று நான் கேட்பது அந்த நாளின் எரிச்சலில்தான்.

அதற்காகப் பூங்காவில் உள்ள அனைத்தையும் நான் புகழ்வதாக நினைக்காதே. நட்சத்திர வனம் என்று 27 நட்சத்திரங்களுக்கும் மரங்கள் நட்டிருக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சிக்கும் அசுவினி பரணிக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் மரத்தைத் தேடிப்போய் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சாக்கிலாவது ஒரு மரத்தின் பெயர் மனத்தில் பதிகிறது. உன் நட்சத்திரம் ரோகிணி, ஆகவே உனக்கு நாவல். உன் பேத்தி கார்த்திகை என்று நினைவு, அவளுக்கு அத்தி. அத்திக்காயைப் பிளந்து உள்ளே இருக்கும் பூக்களைக் காட்டினால் சோதிடத்திலிருந்து தாவரவியலுக்கு வந்துவிடலாம்.

இங்குள்ள செய்திகள்: முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துப் போவதை விடவில்லை. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், அவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் வரையச் சொல்கிறேன். வரையும்போது கால் எத்தனை, அலகு வளைவா நேரா என்று தானாகவே கவனிக்க வேண்டியிருக்கிறது. உன் பேரப்பிள்ளைகளும் அவர்களோடு ஒரு நாள் சேர்ந்துகொள்ளட்டும்.

மலைக்கோட்டை விரைவு வண்டியில் வந்தால் திருச்சிச் சந்திப்பு வரை போகாதே, விடிவதற்கு முன் ஸ்ரீரங்கத்திலேயே இறங்கிவிடு. ஆட்டோவோடு நான் நிற்கிறேன். முகம் கழுவி ஒரு காப்பி குடித்துவிட்டு நேரே முக்கொம்புக்குப் போய்விடலாம். பறவைகளை முடித்துக்கொண்டு, வெயில் பட்டு வண்ணத்துப்பூச்சிகள் பறக்கத் தொடங்கும் வேளைக்கு மேலூர் வந்து சேர்வது சரியாக இருக்கும். உன் பழைய தொலைநோக்கியை மறக்காமல் எடுத்து வா. என்னுடையதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வருவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே எழுது. அந்த நாட்களில் ஸ்ரீரங்கத்தில் ஆட்டோவும் கிடைக்காது, நடக்க வழியும் கிடைக்காது. அதற்கு ஏற்றாற்போல் நாளை முன்பின் மாற்றிக்கொள்ளலாம். பயணச்சீட்டு எடுத்ததும் தேதியைத் தெரிவிக்கவும்.

உன் அன்புள்ள,
இராமநாதன்