முதுகு ஊசியா, முழு மயக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிசேரியனுக்கு முழு மயக்கம் கொடுத்தாலே டாக்டர் ஏதோ தப்பு செய்துவிட்டார் என்ற பேச்சு பரவிக் கிடக்கிறது. மயக்க மருந்து கொடுப்பதே வேலையாக இருக்கும் நான் தியேட்டர் வாசலில் இதற்காக நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரும்பாலான சிசேரியனுக்கு முதுகு ஊசிதான் நல்லது, அதில் சண்டையே இல்லை. மரத்துப்போகச் செய்யும் புபிவக்கைன் என்ற மருந்து 2 மில்லி அளவுக்கு, தாய் விழித்திருப்பார், குழந்தைக்குப் போகும் மருந்தும் சொற்பம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால்கூட, ரத்தப்போக்கு இல்லாமல் பிரஷர் நிலையாக இருந்தால் பல நேரம் அதே ஊசிதான். ஆனால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து ரத்தம் கொட்டும்போது அந்த ஊசி ரத்தக்குழாய்களைத் தளர்த்திப் பிரஷரை இன்னும் இறக்கிவிடும். தவிர, அப்போது ரத்தம் உறையும் தன்மையே கெட்டிருக்கலாம். முதுகில் குத்தினால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டும் அபாயம் உண்டு.

அதனால் அந்த நேரத்தில் முழு மயக்கம்தான். தூங்கவைக்க என் கை வழக்கமான புரோபோஃபால் மருந்தை விட்டுவிட்டுக் கெட்டமினைத்தான் எடுக்கும், அது பிரஷரை ஓரளவு தாங்கிப் பிடிக்கும் என்பதால். (பிரஷர் எகிறி நிற்கும் தாய்க்கு அதே கெட்டமினைக் கொடுக்கத் தயங்குவேன்.) அப்புறம், மூச்சு வழியாகக் கொடுக்கும் செவோஃப்ளூரேன் கர்ப்பப்பையைத் தளர்த்தும், தளர்ந்த கர்ப்பப்பையில் ரத்தம் நிற்காது, அதனால் குழந்தை வெளியே வந்ததுமே அந்த டயலைத் திருப்பிக் குறைத்துவிடுவேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. யோசித்து நிற்க நேரம் கிடையாது.

சரி, குழந்தைக்கு மயக்கம் ஏறாதா? கொஞ்சம் ஏறும். சோர்வாகப் பிறக்கலாம், மூச்சுக்குச் சற்று உதவி வேண்டியிருக்கும், குழந்தை டாக்டர் பக்கத்தில் நிற்பது அதற்குத்தான். தாயின் பிரஷர் விழுந்து ஆக்சிஜன் குறைந்தால்தான் குழந்தைக்குப் பெரிய கெடுதல்.

ஒருமுறை பழைய சிசேரியன் தழும்பில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு, முதுகு ஊசியில் ஆரம்பித்துப் பாதியில் முழு மயக்கத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. "முதுகு ஊசின்னுதானே சொன்னீங்க?" என்று கணவர் வெளியே கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, மாறக்கூடும் என்று யாரும் அவரிடம் சொல்லி வைக்கவில்லை, நான் உட்பட. இப்போதெல்லாம் ஸ்கேனில் அப்படித் தெரிந்தால் இரண்டு மயக்கத்தையும் முன்பே உட்கார்ந்து விளக்கிவிடுகிறேன். டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், ரத்தம் எத்தனை யூனிட் தயாராக இருக்கிறது என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு மயக்கவியல் மருத்துவர்