ஹெர்பேரியத்துக்குக் களைச்செடி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி அண்மையில் கோத்தகிரிக்குக் களப்பயணம் போய் வந்தாள். நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பறித்த செடியைத் தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைக்கும் பிரஸ்ஸைக் கட்டுவது, தாள் மாற்றுவது, காய்ந்த செடியை ஷீட்டில் தைத்து ஹெர்பேரியம் என்கிற உலர்செடித் தொகுப்பில் சேர்ப்பது இதெல்லாம்தான் என் பிழைப்பு. அதனால் வீடு திரும்பிய கையோடு பிரஸ்ஸை என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் காட்டுக் காசித்தும்பை. ஈரப் பாறையில் வளரும் இந்தச் செடிக்குத் தண்டு முழுக்கத் தண்ணீர். இதழோ வெங்காயச் சருகைவிட மெல்லியது. பிரஸ் செய்வதற்கு இதைவிடச் சிரமமான செடி குறைவு. பறித்த இடத்திலேயே பூவைத் தனியாகப் பிரித்து வைத்து, தினமும் தாள் மாற்றினால்தான் ஏதாவது தேறும். இவள் கொண்டுவந்ததில் தண்டெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. இதழ்கள் ஒரு நகைக்கடை விளம்பரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. ஷீட்டில் ஏற்றும்படி ஒன்றுகூட இல்லை.

"எதுக்கு கண்ணு இத்தனை?" என்று கேட்டேன்.

"அபூர்வமான செடி இருந்தாத்தானுங்க அப்புச்சி மார்க்கு சேர்த்திப் போடுவாங்க. பஸ் நின்னதும் எல்லாருமே பறிச்சாங்க."

வகுப்பில் நாற்பது பேர். மலைப்பாதை வளைவில் நீர் கசியும் ஒரே ஒரு பாறை. அந்தப் பாறையில் இனி என்ன மிச்சம் இருக்கும்? பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். மதிப்பெண்ணுக்காக ஒப்படைக்கும் ரெக்கார்டுக்கு ஆளுக்கு இத்தனை ஷீட் என்று கணக்கு வைத்து, கிடைக்காத செடிக்குக் கூடுதல் மார்க் என்றும் சொன்னால், அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இலையைக்கூடக் கிள்ளக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரத்தில் யார் பார்க்கிறார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பைகளில் பல இனங்கள் ஒரு சில மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் சோலைக் காடுகளின் மரக்கன்றுகளும் பெரிய மரத்தின் நிழலும் ஈரமும் இருந்தால்தான் தலையெடுக்கும். வெட்டவெளியில் உறைபனி அடித்தால் கருகிவிடும். பறித்தது போக அடுத்த வருஷம் தானாக முளைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாத செடிகள் இவை.

சரி, பிள்ளைகள் எதைத்தான் பறிப்பது? என் பதில், களையைப் பறிக்கட்டும். மேட்டுப்பாளையம் தாண்டியதும் அடிவாரம் முழுக்க உண்ணிச்செடி. தாவரவியல் வகைப்பாட்டில் அது வெர்பினேசி குடும்பம். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள் பூ, ஓரத்தில் ரோஸ் பூ, எது இளசு எது முற்றியது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேலே ஏறினால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம், அது மைமோசேசி. தேயிலைத் தோட்ட ஓரங்களில் ஆரஞ்சு நிறத்தில் குழல்குழலாகப் பூத்து நிற்கும் செஸ்ட்ரம் நம் கத்தரி, தக்காளியின் சொந்தம், சொலனேசி. ஊட்டிப் பக்கம் போனால் மஞ்சள் பூவோடு ஸ்காட்ச் புரூம், ஃபேபேசி. பார்த்தீனியம் வேண்டுமென்றால் கல்லூரி வாசலிலேயே இருக்கிறது. பாடத்தில் வரும் குடும்பங்களில் பாதி இதிலேயே அடங்கிவிடும். ஆளுக்குப் பத்து கிளை ஒடித்தாலும் மலைக்கு நஷ்டம் இல்லை. இப்படி வெளியிலிருந்து வந்து பரவும் அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தமிழக அரசே 2022-ல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சீகையின் சிற்றிலைகள் வாடினால் உதிர்ந்துவிடும், ஒடித்த இடத்திலேயே பிரஸ்ஸில் வைக்க வேண்டும். அப்புறம், முற்றிய காயும் பழமும் உள்ள கிளை கூடாது, போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போன மாதிரி ஆகிவிடும். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து முளைக்கும்.

(தாள் விஷயத்தில் உங்கள் நாளிதழுக்கும் பங்கு உண்டு. வார நாள் பேப்பர் ஈரத்தை நன்றாக இழுக்கும். ஞாயிறு இணைப்பின் வழவழத் தாள் பிரஸ்ஸுக்கு ஆகாது. அதை மட்டும் துறையில் படிப்பதற்கு எடுத்து வைத்துக்கொள்வோம்.)

சோலைக்குள் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோத்தகிரி டவுனை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-ல் இடம்பிடித்தது. முறைப்படி அனுமதி வாங்கி, ஒரே ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை நிறுத்தி வைத்தால் போதும். அடிமரத்தில் பாசி, அதற்கு மேல் பெரணி, கிளை பிரியும் இடத்தில் ஆர்க்கிட், நுனியில் செம்பு நிறக் கொழுந்து. நோட்டில் வரையட்டும், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுக்கட்டும். இப்போது நடப்பது என்ன? பத்து மணிக்குச் சோலை வாசலில் குரூப் போட்டோ, மத்தியானம் ஊட்டி போட் ஹவுஸ், சாயங்காலம் சாக்லேட் கடை. களப்பயணம் என்று பெயர், காசு கட்டுவது பெற்றோர்.

அபூர்வச் செடிகளைக் காய்ந்த நிலையில் பார்க்க வேண்டுமானால் கோவையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (பி.எஸ்.ஐ.) தென்மண்டல மையத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தாள்கள் இன்றைக்கும் அங்கே பத்திரமாக உள்ளன. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, மலைக்குப் போகும் வழியில் அரை நாள் அங்கே ஒதுக்கலாம்.

பல்கலைக்கழகத் தாவரவியல் பாடக்குழுவில் இருக்கும் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், வரும் கல்வியாண்டின் ரெக்கார்டு விதிகளில் இரண்டு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஷீட்டுகள் அயல் தாவரங்களாகவோ சாதாரணக் களைகளாகவோ இருந்தால் போதும். மலைச் செடிகளுக்குப் படமும் குறிப்பும் வைத்தால் அதே மார்க்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
ஈரோடு மாவட்டம்.