செவ்வாய்க்கிழமைச் சதுர்த்தி

திருச்சி
இரவு ஏழே முக்கால்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான், வேறொன்றுமில்லை. போனில் நீ "நல்லாயிருக்கேன்மா"வைத் தாண்டுவதில்லை, நான் "சாப்பிட்டியா"வைத் தாண்டுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இன்று சங்கடஹர சதுர்த்தி, அதுவும் செவ்வாயில் வந்திருக்கிறது. அங்காரகனே பிள்ளையாரை வேண்டித்தான் கிரகப் பதவி வாங்கினான், அதனால் செவ்வாயில் வருகிற சதுர்த்திக்குப் பலன் அதிகம் என்று பாட்டி சொல்வாளே. உனக்கு ஏழில் செவ்வாய் என்று ஜோசியர் சொன்ன நாளிலிருந்து நான் இந்த விரதத்தை விட்டதில்லை. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு மூன்று நடை போனோம். 2014இல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்ததும் நீ பேப்பரை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "அங்க போயே சேர்ந்தாச்சு, நீ இன்னும் தோஷம் கழிச்சுக்கிட்டு இரு" என்றாய். எவ்வளவு வாய் உனக்கு அப்போது!

காலையிலிருந்து பாலும் பழமும்தான் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரைக்காகப் பதினொரு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும். நீ நேரத்துக்குச் சாப்பிடு. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். உச்சிப் பிள்ளையாருக்கு நானூற்றுச் சொச்சம் படி. என் கால் இப்போது அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு நின்றுவிடுகிறது. நல்ல கூட்டம். பால், தயிர், தேன், சந்தனம் என்று வரிசையாக அபிஷேகம் ஆகி, திரை விலகும்போது அருகம்புல் மாலையோடு பார்க்க வேண்டுமே, பசியெல்லாம் போய்விடும். அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் யார் பெயருக்கு என்று கேட்டார். உன் பெயர், பூரட்டாதி என்றேன். மாதா மாதம் இரண்டு பெயர் கேட்டுப் பழகியவர், அடுத்ததற்காக நின்றார். அவ்வளவுதான் சாமி என்றேன். என் வாயில் ஏன் அப்படி வந்தது? வீடு வந்து சேரும் வரை நெஞ்சு படபடத்தது.

மூன்று மாதமாக நீ வீடியோவில் வரும்போது பின்னால் தெரிவது பச்சைத் திரைச்சீலை. பழைய வீட்டில் அது இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. அதையும் கேட்கவில்லை. பெரியம்மா கேட்டால், "என் பொண்ணு மெல்போர்ன்ல தனியா கார் ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போறா, ஆபீஸ்ல அவளைக் கேட்காம ஒண்ணும் நடக்காது" என்று அடித்துவிடுகிறேன். பொய்யில்லையே. ஆனாலும் ஒரு போன் போட உனக்கு என்ன?

இதை எழுத எனக்கே கூசுகிறது. போன் போட்டாய்தானே. இரண்டு வருஷம் முன்னால், மாசி மாதத்து மகா சங்கடஹர சதுர்த்தி. இங்கே மாலை ஐந்து மணி. "அம்மா, ஒரு விஷயம்" என்றாய். குரல் சரியில்லை. இட்லிப் பானையில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது, அபிஷேகத்துக்கு நேரமாகிவிட்டது. "ராத்திரி நிலா பார்த்துட்டுப் பேசறேன்டி" என்று வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு நிலா வந்தது. பாலால் அர்க்கியம் விட்டேன், சாப்பிட்டேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். உனக்கு அப்போது நடுராத்திரி இரண்டரை, தூங்கியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும். கேட்டுவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். மறுநாள் நீ வாயைத் திறப்பதற்குள், "எல்லா வீட்லயும் உள்ளதுதான், அட்ஜஸ்ட் பண்ணிப் போ" என்று நானே முடித்து வைத்தேன். நீ "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அன்றிலிருந்து ஒண்ணுமில்லம்மாதான்.

சங்கடம் தீர்க்கிற சாமிக்கு மாவு பிசைந்துகொண்டு, சங்கடம் என்று வந்தவளைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

சரி. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

பிள்ளையார் சதுர்த்தியன்று நிலாவைப் பார்க்கக் கூடாது என்று உன் கண்ணைப் பொத்துவேன். இந்தச் சதுர்த்திக்கோ நிலாவைப் பார்க்காமல் சோறு கிடையாது. "ஒரே நிலாவுக்கு ரெண்டு சட்டமா?" என்று கேட்பாய். அது வளர்பிறை, இது தேய்பிறை என்பேன். உன் ஊரில் நிலா தலைகீழாகத் தெரிகிறது என்று போன புதிதில் எழுதியிருந்தாய். நமக்கு முன்னாலேயே அங்கே வந்திருக்கும். பார்த்தாயா?

மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்று அப்பா கேட்கவில்லை. பரணிலிருந்து உன் மேஜையை அவரே இறக்கித் துடைத்து வைத்தார், அந்த முழங்காலோடு.

மொட்டைமாடியிலிருந்து கூப்பிடுகிறார். தென்னைக்குப் பின்னால் வெளிச்சம் தெரிகிறதாம். அடுத்த சதுர்த்திக்குள் ஒரு வரி போடு, அர்ச்சனைக்கு ஒரு பெயரா, இரண்டு பெயரா என்று. எதைச் சொன்னாலும் சீட்டு வாங்கிவிடுகிறேன்.

அம்மா