இந்த ஆண்டு மருத்துவ முகாம் வேண்டாம்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

திருவிழாவின் எட்டாம் நாள் வழக்கம்போல இலவச மருத்துவ முகாம் நடத்தித் தரவேண்டும் என்று செயலர் கேட்டிருந்தார். முடியாது என்று நேரில் சொன்னால் கோபித்துக்கொண்டேன் என்று நினைப்பீர்கள். கோபம் ஒன்றும் இல்லை. அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில், அதாவது சுகரும் பிரஷரும் பார்க்கிற இடத்தில், செவிலியராக வேலை செய்கிறேன். முகாமுக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை அங்கே உட்கார்ந்துதான் பார்க்கிறேன்.

பந்தலில் மேசை போடுகிறோம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறோம். "முந்நூறு இருக்கும்மா, கவனமா இருங்க" என்று சொல்லிப் பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். பதினோராம் நாள் அந்த அம்மா என்ன செய்வார் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. கொடி இறங்கியிருக்கும், வரவு செலவுக் கணக்கும் வாசித்தாகியிருக்கும். அப்புறம் இன்னொன்று. முகாமுக்கு வருகிறவர்கள் நடந்து வரக்கூடியவர்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் பந்தலுக்கு எப்படி வருவார்?

நல்ல சமாரியர் உவமை நமக்கு மனப்பாடம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுப் போட்டதோடு அவர் கிளம்பிவிடவில்லை. சாவடிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்கிறார், மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் வெள்ளிக்காசு கொடுக்கிறார், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறார். ஃபாலோ-அப், ஃபாலோ-அப் என்று எங்கள் பிரிவில் நாங்கள் தொண்டை வறளக் கத்துவது இதைத்தான்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நற்கருணைப் பணியாளர்கள் ஞாயிறுதோறும் வீட்டில் கிடக்கும் நோயாளிகளுக்கு நற்கருணை, அதாவது திருப்பலி அப்பம், கொண்டுபோகிறார்கள். அந்த வீடுகளுக்கு அவ்வளவு ஒழுங்காக வேறு யாரும் போவதில்லை. அந்தந்த அன்பியத்திலிருந்து, அதாவது பங்கின் தெருவாரிக் குழுவிலிருந்து, ஒருவர் அவர்களோடு போகட்டும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாலே போதும், எத்தனை நாள் விழுங்கவில்லை என்று தெரிந்துவிடும். முதுகில் படுக்கைப்புண் சிவப்பாகத் தொடங்கும்போதே கண்டுவிடலாம். இதற்கு நர்சிங் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. நம் தெருக்களில் பலருக்கு அதில் பெயரே பதிவாகவில்லை. பதிவு செய்து கொடுக்கப் பேரவைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பக்கத்து இந்து வீட்டையும் முஸ்லிம் வீட்டையும் தாண்டிப் போய்விட வேண்டாம்.

நோயில் பூசுதலைப் பற்றியும், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருள்சாதனத்தைப் பற்றியும், ஃபாதர் ஒரு ஞாயிறு மறையுரையில் பேச வேண்டும். நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதற்கு ஏற்ற காலம் வந்துவிட்டது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் டாக்டர் கைவிரித்த பிறகுதான் ஃபாதருக்கு போன் போகிறது. வாய் திறந்து தம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கக்கூடியவர் அதற்குள் வென்டிலேட்டரில் இருப்பார்.

தவக்காலத்திலும் எனக்கு ஒரு பயம் உண்டு. ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்புக் கடமை, 18 வயதிலிருந்து 59-ஆவது பிறந்தநாள் வரும்வரைதான். நோயாளிகளுக்கு அதுவும் இல்லை. ஆனால் நம் பாட்டிமார் இன்சுலினையும் போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு காலைத் திருப்பலிக்கு வந்து, வியர்த்துக் கொட்டிப் பெஞ்சில் சரிகிறார்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது என்ற விதி முதியவர்களையும் நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கட்டுப்படுத்தாது. திருச்சபைச் சட்டம் 919 அப்படித்தான் சொல்கிறது. தண்ணீரும் மருந்தும் யாருக்கும் தடையில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களுக்கு நாம் மோரும் வாழைப்பழமும் கொடுக்கிறோம். நல்ல காரியம். அவர்கள் காலையும் கொஞ்சம் பார்க்கலாம். ஒருவருடைய பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து, தார் ஒட்டி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர், மாதா வலியே தெரியாம கூட்டிட்டுப் போறாங்க" என்றார் முகம் மலர. வலி தெரியாததற்குக் காரணம் சுகர். கால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. இந்தப் புண்தான் சில வாரத்தில் விரலையும் சில சமயம் காலையும் கேட்கும். அதை அந்த முகத்தைப் பார்த்து நான் சொன்னால் விசுவாசம் இல்லாத நர்ஸ் என்பார்கள். ஃபாதர் சொன்னால் கேட்பார்கள். சட்டம் 1196-இன்படி தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தக்க காரணத்துக்காக விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கு உண்டு, தம் எல்லைக்குள் வரும் வழிப்போக்கருக்கும் சேர்த்து. "வெறுங்கால் வேண்டாம், எம்.சி.ஆர். செருப்புப் போட்டு நட, மாதா ஏற்றுக்கொள்வாள்" என்று பந்தலில் நின்று ஒரு வார்த்தை (எம்.சி.ஆர். என்பது சுகர்காரர்களின் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு). பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு வாளி தண்ணீர், துண்டு. பெரிய வியாழனன்று நாம் கழுவுகிற பன்னிரண்டு ஜோடிக் கால்களும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தவை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஞாயிறு டியூட்டி என்று போய்விடுகிறாள், கோயில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருப்பது காதில் விழுந்தது. பீடம் அலங்கரிப்பதும் பாடகர் குழுவும் பங்குப் பணி, வார்டில் நிற்பது பிழைப்பு என்ற கணக்கு எனக்குப் புரியவில்லை. நேப்பிள்ஸ் நகரின் ஜுசெப்பே மோஸ்காத்தி குருவோ துறவியோ இல்லாத ஒரு பொதுநிலையினர், டாக்டர். இன்சுலின் வந்த புதிதில் அதைத் தம் ஊரில் கையாண்ட முதல் சில மருத்துவர்களில் ஒருவர். 1927 ஏப்ரல் 12 அன்று காலைத் திருப்பலி கண்டு, மருத்துவமனை வேலை முடித்து, மதியம் வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே உயிர்விட்டார். 1987-இல் அவரைத் திருச்சபை புனிதராக அறிவித்தது. அந்த ஒரு நாளில் எது கோயில் வேலை, எது பிழைப்பு என்று பேரவை பிரித்துக் காட்டட்டும்.

சரி, நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் எட்டாம் நாள் கட்டத்திலிருந்து முகாம் என்ற வரியையும் என் பெயரையும் எடுத்துவிடுங்கள். அதற்கு ஒதுக்கிய பணத்தில் பிரஷர் கருவி, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் வாங்கலாம், மீதிக்கு எம்.சி.ஆர். செருப்பு. அன்பியத்துக்கு ஒருவரைப் பொறுக்கி அனுப்பினால் பழக்கிவிடுவது என் பொறுப்பு. புதன்கிழமை நவநாள் முடிந்ததும் மறைக்கல்வி அறையில் இருப்பேன். சாவி மட்டும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் சொல்லி வாங்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த செவிலியர்