மெட்டுக்கு மேலும் கீழும் இருப்பவர்களுக்கு ஒரு நன்றி மடல்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலும், கேரள எல்லை மலைக் கணவாயான கம்பம்மெட்டிலும், அதற்கு மேலே ஏலத்தோட்டங்களிலும் இருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கஞ்சா கடத்தும் கும்பலிடமிருந்து நாம் எல்லாரும் சேர்ந்து காப்பாற்றிய பையன் பத்திரமாக இருக்கிறான். பாதிப் பேர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று மட்டும் கேட்காதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் 2015, 74ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன், அது பழைய தொழில் புத்தி. உங்கள் பெயர்களையும் அதனால்தான் எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடுகிறது. ‘சிஐடி தாத்தா’ ஒற்றை ஆளாய் நின்று கஞ்சா கும்பலை விரட்டினாராம். டீக்கடையில் ஒருவர் என் காதுபடவே துப்பாக்கிவரை போய்விட்டார். என்னிடம் இருப்பது பிரஷர் மாத்திரையும் ஒரு டார்ச் லைட்டும்தான். மத்திய உளவுத்துறையில் இருந்தது உண்மை. அந்த வேலையைப் பற்றி, 2021இல் வந்த ஓய்வூதிய விதித் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி வாங்காமல் எழுதினால் பென்ஷனுக்கே வேட்டு. இதுவரை சொல்லலாம்: பெரும்பாலும் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பதும், பார்த்ததைத் தேதி போட்டு எழுதுவதும்தான். இங்கேயும் வாசலில் நின்ற பைக்குகளின் நம்பரையும் நேரத்தையும் எழுதி வைத்தேன். மீதியெல்லாம் நீங்கள் செய்தது.

விசாகப்பட்டினம் பக்கத்து மலையிலிருந்து வரும் சரக்கு தேனி மாவட்டத்தில் பிரிபட்டு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்கு ஏறுவது இங்கே யாருக்கும் புதுச் செய்தி இல்லை. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் சட்டப்படி அது வணிக அளவு, குறைந்தது 10 வருஷம் உள்ளே. ஒரு கிலோ வரை சிறிய அளவு, தண்டனையும் குறைவு. அதனால் சில்லறையாகப் பிரித்து ஆள் மாற்றி ஆள் அனுப்புகிறார்கள். விடிகாலை ஜீப்பில் சோற்று வாளியும் கையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நடுவில் மேலே தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவைப் பார்க்கப் போகும் 13 வயதுப் பையனின் புத்தகப்பையை யார் திறந்து பார்ப்பார்கள்? செல்போன் வாங்கிக் கொடுத்து, பரோட்டா வாங்கிக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஒருநாள் செக்போஸ்ட்டில் மோப்ப நாயைப் பார்த்தவன் பயந்துபோய் ஜீப்பிலிருந்து இறங்கி, பொட்டலத்தைப் பள்ளத்தில் எறிந்துவிட்டான். அன்றிலிருந்து ‘சரக்குக்குப் பணம் எங்கே?’ என்ற மிரட்டல் தொடங்கியது.

பாட்டிக்குத்தான் முதல் நன்றி. பேரனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, “அண்ணே, இவனை உள்ள வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களிடம், “அவன் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போயிட்டான், பாத்தா எனக்கும் காசு அனுப்பச் சொல்லுங்கப்பா” என்றாராம். முகத்தில் ஒரு சுருக்கம் மாறியிருக்காது.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு நான் போன் செய்தபோது எடுத்த பெண், என் கதையை முழுக்கக் கேட்காமல், “பையன் இப்போ சாப்பிட்டானா சார்?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பஸ் ஸ்டாண்டிலும் தேனி ரோட்டிலும் அவர்களுடைய ஆள் நின்றதால் கீழே போக வழியில்லை. மேலே ஏற்றிவிடலாம் என்றது ஜீப் ஓட்டும் தம்பி. பையனுக்கு வேஷம் போட்டுவிட்டது ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். சேலைமேல் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து, தூங்குகிற மாதிரி சாயச் சொல்லிவிட்டார்கள். பைக்கில் வந்தவன் டார்ச் அடித்துப் பார்த்தபோது, “ஏன்டா, பொம்பளை தூங்குற வண்டியில லைட் அடிக்கிறே?” என்று ஒரு அக்கா போட்ட சத்தத்தில் அவன் பின்வாங்கிவிட்டான். இதைவிட நல்ல வேஷத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

மேலே குடும்பஸ்ரீ (கேரளத்து மகளிர் சுயஉதவிக் குழு) ஹோட்டல் நடத்தும் சேச்சி, அம்மா வந்து சேரும்வரை பையனை அடுப்படியில் வைத்து தேங்காய் திருகச் சொல்லியிருக்கிறார். விசாரித்து வந்தவனுக்கு “அறியில்லா” என்ற ஒரே பதில்.

நடுவில் ஒரு நிலையத்தில் பையனையே குற்றவாளியாக எழுதப் பார்த்தார்கள். எந்த நிலையம், எந்த மாநிலம் என்று சொல்லப்போவதில்லை. இலவச சட்ட உதவியில் வந்த அந்த இளம் வக்கீலம்மா குரலை உயர்த்தவே இல்லை. அதே சிறார் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவைப் பிரித்து மேசையில் வைத்தார். போதைப்பொருள் கடத்தக் குழந்தையைப் பயன்படுத்தியவனுக்கு 7 வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். “சார், இந்தப் பிரிவில் பையன் எந்தப் பக்கம் வருகிறான்னு நீங்களே படிங்க” என்றார். படித்தார்கள். 24 மணி நேரத்துக்குள் பையனைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் உட்கார வைத்தார்கள். குழுவில் இருந்த ஒருவர் அவனிடம் தமிழிலேயே பேசினார். அவன் முதல் தடவையாக அழுதது அங்கேதான் என்று அம்மா சொன்னாள்.

இரண்டு மாநிலத்துக் காகிதங்களுக்கும் அலைந்த நாட்களில் அம்மாவின் கூலியைப் பிடிக்காத தோட்டத்து சூப்பர்வைசருக்கும், பையனின் சான்றிதழை யாரிடமும் கொடுக்காமல் தானே கொண்டுவந்து கொடுத்த தமிழாசிரியருக்கும் நன்றி. என் பைக் நம்பர் நோட்டைக் கிழிசல் என்று ஒதுக்காமல் வரிவரியாகப் படித்த எக்சைஸ் அதிகாரிக்கும் நன்றி. சிலர் உள்ளே இருக்கிறார்கள். வழக்கு நடப்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

உதவித்தொகை தருகிறேன் என்று வருகிறவர்களுக்கு: பணம் இப்போது வேண்டாம். உங்கள் தெருவில் ஒரு பிள்ளையிடம் திடீரென்று புதுப் போன் இருந்தால், யார் கொடுத்தது என்று அவனிடம் மெதுவாகக் கேளுங்கள், அதட்டாமல். சரியில்லை என்று தோன்றினால் 1098க்குக் கூப்பிடுங்கள். கஞ்சா விற்பது பற்றிச் சொல்லத் தமிழ்நாட்டில் 10581 இருக்கிறது.

அப்புறம், ஜீப் தம்பி, டீசல் காசை இரண்டு தடவை கொடுத்தும் நீ வாங்கவில்லை. பென்ஷன் வந்ததும் ஸ்டாண்டுக்கு வருகிறேன். எல்லார் முன்னாலும் சட்டைப்பையில் திணிப்பேன், சண்டை போடாமல் வாங்கிக்கொள்.