அந்த அரை சதவீதம்

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு எழுதவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. நம் நண்பன் மணி இன்னும் அதே மணிதான், கடனும் பாட்டும் குறையவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ப்ராஜெக்ட் செய்யும் பெண் கார்பசோல் என்ற கரிமச் சேர்மத்தைத் தானே தயாரித்தாள். கடையில் வாங்கிய கார்பசோல், யூ.வி. (புற ஊதா) டார்ச்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மஞ்சளாக ஒளிர்கிறது. அவள் தயாரித்தது டார்ச்சோடு சேர்ந்து அணைந்துவிடுகிறது. முகம் வாடி நின்றாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை!

தாடி சார் பாடம் நினைவிருக்கிறதா? ஒளியை வாங்கிய மூலக்கூறு நானோ நொடிகளில் அதைத் திருப்பித் தரும். சில மட்டும் மும்மை நிலை என்ற இன்னொரு ஆற்றல் நிலைக்குத் தாவிவிடும். அங்கிருந்து இறங்க எலக்ட்ரானின் சுழற்சி பற்றிய விதி தடை, அதனால்தான் தாமதம். அதற்குள் ஆக்சிஜனோ மூலக்கூறின் அதிர்வோ ஆற்றலைப் பறித்துவிடும். ஆகவே கார்பசோல் நின்று ஒளிர்வதற்கு, ஆற்றல் அப்படிப் பறிபோகாதபடி படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கியிருக்கும் விதமே காரணம் என்று பல ஆய்வுகள் எழுதின.

2020இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லியு பின் குழு அதைப் புரட்டிப் போட்டது. விற்பனைக்கு வரும் கார்பசோலில், அதே அணுக்கள் வேறு விதமாக இணைந்த அதன் மாற்றியம் ஒன்று 0.5 சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்திருக்கிறது. அது இல்லாமல் ஆய்வகத்தில் செய்தால் நீண்ட ஒளிர்வு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது, திரும்பச் சேர்த்தால் வந்துவிடுகிறது. குடம் பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் போல! மின்னூட்டம் அந்த மாற்றியத்தில் சிக்கிப் பிரிந்து நின்று மெல்லச் சேர்வதால்தான் இந்தத் தாமதம் என்பது அவர்கள் விளக்கம்.

இதையே தெரிந்து செய்தவர்களும் உண்டு. 2017இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் கபேயும் அடாச்சியும் எலக்ட்ரான் கொடுக்கும் ஒரு மூலக்கூறை, வாங்கும் இன்னொன்றில் 1 சதவீதம் மட்டும் கலந்து உருக்கினார்கள். இருட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒளிர்ந்தது. வழக்கமான இருட்டில் ஒளிரும் பொருள்களைப் போல யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகங்கள் வேண்டாம், ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடுபடுத்தவும் வேண்டாம். காற்று மட்டும் படக்கூடாது. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் கவலையும் இருக்கிறது, சேகர். புட்டியில் 98 சதவீதம் தூய்மை என்று அச்சிட்டிருந்தால் மீதி 2 என்ன என்று நம் மாணவர்கள் கேட்பதில்லை. ஒளிராத சரக்கு தோல்வி என்று குப்பைக்குப் போகிறது. இந்தப் பெண்ணும் கொட்டத்தான் இருந்தாள், நான்தான் பிடுங்கி வைத்தேன்.

நீதான் தினமும் எச்.பி.எல்.சி. என்ற, கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி முன்னால் உட்கார்ந்து கலப்படம் பிடிக்கும் பெரிய மனிதனாயிற்றே! கடைச்சரக்கு, அவள் சரக்கு என்று இரண்டு குப்பிகள் மணியிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் மேலாளரிடம் கேட்டுவிட்டு ஓட்டிப் பார். கருவி வரையும் கோட்டில் பெரிய சிகரத்தோடு ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒன்று எழலாம், அவசரத்தில் விட்டுவிடாதே. முடிவை எனக்கு எழுதாதே, அவளுக்கே எழுது. முகவரி குப்பிகளோடு வரும்.

அன்புடன்,
ரகு